கிரெடிட் சேரும், வருடம் மிச்சமாகுமா?

அமெரிக்காவில் முதல் இரண்டு ஆண்டுகளைக் குறைந்த கட்டணத்தில் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு, மீதியைப் பல்கலைக்கழகத்தில் முடிப்பது பலரும் போகிற வழி. மென்பொருள் வேலையைக் குறிவைப்பவர்களும் இதில் ஏராளம். கலிஃபோர்னியாவின் கூப்பர்ட்டினோ வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு அங்குள்ள டி ஆன்ஸா கல்லூரி பழகிய பெயர். இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட். பாதியை இங்கே, பாதியை அங்கே எடுத்தால் முடிந்தது என்பார்கள்.

காகிதத்தில் முடிந்துவிடும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்கள் சராசரியாக 43 விழுக்காடு கிரெடிட்டை இழந்ததாக மதிப்பிட்டது. லாப நோக்குத் தனியார் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்குப் போனவர்களுக்கு இழப்பு 94 விழுக்காடு. அங்கீகாரம் எப்படிப்பட்டது என்று பாராமல் சேர்ந்தால் இதுதான் கதி.

கிரெடிட்டை ஏற்றுக்கொண்டாலும் அது எந்தக் கணக்கில் வரவாகிறது என்பதே முக்கியம். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தை ஒருவர் பைத்தானில் படித்திருப்பார். போகிற துறை அதை சி பிளஸ் பிளஸில் எதிர்பார்க்கும். அப்போது அவருடைய பாடம் விருப்பப் பாடமாகத்தான் பதிவாகும். எண்ணிக்கை குறையாது, ஆனால் அதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். அதை முடிக்காமல் அல்காரிதம்ஸ் இல்லை, ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்க முடியும் என்பதால், 60 கிரெடிட்டோடு போனவரும் மூன்று ஆண்டு உட்கார நேரும். டிஸ்க்ரீட் கணிதத்தையும் கால்குலஸையும் தள்ளிப்போட்டவர்களுக்கும் இதே நிலை.

கலிஃபோர்னியாவில் இதைச் சரிபார்க்க அசிஸ்ட் என்ற இணையதளம் இருக்கிறது. எந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடம் எந்த அரசுப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடு என்று அதில் பார்க்கலாம். கல்லூரி விளம்பரத்தை நம்புவதைவிட இதை நம்பலாம். டி ஆன்ஸா போன்ற குவார்ட்டர் முறைக் கல்லூரிகளின் 90 கிரெடிட், செமஸ்டர் கணக்கில் 60தான். கம்யூனிட்டி காலேஜிலிருந்து கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் (கால் ஸ்டேட்) ஏற்பதற்கும் வரம்பு உண்டு: 70 செமஸ்டர் கிரெடிட். அதற்கு மேல் எடுத்தது பட்டத்துக்கான கணக்கில் சேராது.

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பதும் கணினி அறிவியல் துறையில் இடம் கிடைப்பதும் வேறு வேறு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள் மாறி வருவோருக்கு உறுதியளிக்கப்பட்ட இடம் தருகின்றன. ஆனால் சாண்டா பார்பரா போன்ற வளாகங்களில் கணினி அறிவியலுக்கு அந்தச் சலுகை இல்லை.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் யூட்டாவின் வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகத்தை நாடுகிறார்கள். முழுக்க இணையவழி, மாற்றிக்கொண்டு வரும் கிரெடிட்டை ஏற்பதில் தாராளம். ஆனால் அங்கே மதிப்பெண் தரவரிசை கிடையாது; தேர்ச்சி மட்டுமே. மேற்படிப்புக்குப் போக நினைப்பவர், சேரவிருக்கும் கல்லூரி இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

எந்தக் கல்லூரியானாலும் டிரான்ஸ்கிரிப்டோடு ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் பத்திரமாக வைத்திருங்கள். சிக்கல் வந்தால் துறையிடம் வாதாட அதுதான் சான்று. ‘எத்தனை கிரெடிட் ஏற்பீர்கள்’ என்பதோடு நிற்காமல், ‘இன்னும் எத்தனை செமஸ்டர் படிக்க வேண்டும்’ என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிய பிறகு கட்டணம் கட்டுங்கள்.