எம்பக்கே முருகனும் பேராதனைப் பூங்காவும்

கலகெதரையிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் வாழும் நம்மவர்கள், கதிர்காம யாத்திரை என்றால் பல நாள் முன்னதாகவே மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள். அதே கதிர்காமக் கந்தனுக்குக் கண்டிச் சீமையிலேயே பழம்பெருங் கோவில் ஒன்று உண்டு. அதிகாலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் தரிசித்துவிடலாம். அதுவே எம்பக்கே தேவாலயம்.

கட்டுகஸ்தோட்டை, கண்டி, பேராதனை ஆகிய ஊர்களைக் கடந்து, கொழும்பு வீதியில் பிலிமத்தலாவை அடைந்து, அங்கிருந்து தெற்கே திரும்ப வேண்டும். வழியில் பேராதனைப் பூங்கா எதிர்ப்பட்டுப் பிள்ளைகளின் மனத்தை இழுக்கும். பூங்காவை மாலைக்கு வைத்துக்கொள்வதே நலம்.

கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் (1357 - 1374) எழுப்பிய கோவில் இது. இதைப் பற்றிய கர்ண பரம்பரைக் கதை சுவையானது. சரும நோயுற்ற முரசறைவோன் ஒருவன் கதிர்காமத்தில் நேர்ந்துகொண்டு குணமடைந்தானாம். ஆண்டுதோறும் யாத்திரை சென்று வந்தானாம். முதுமையில் நடை தளர்ந்தபோது, அவனுடைய ஊருக்கருகிலேயே தான் வெளிப்படுவதாகக் கந்தன் கனவில் உரைத்தானாம். பின்பு அரசியின் தோட்டத்தில் கதுரு மரமொன்றை வெட்டுகையில் உதிரம் பெருகிற்றாம். நடக்க முடியாத அடியவனைத் தேடித் தெய்வமே வந்தது என்ற பகுதி, நம் தலபுராணங்களைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்நியமாகத் தோன்றாது.

கருவறை, அதற்கு முன்னுள்ள நடன மண்டபம், முரசு மண்டபம் என்று கோவில் மூன்று பகுதிகளாக அமைந்துள்ளது. சிங்களத் தேவாலய முறைப்படி பூசைத்தட்டைக் கபுராளையிடம் கொடுத்துவிட்டு, நாம் திரைக்கு வெளியே நின்று கும்பிட வேண்டும். கண்ணை விட்டகலாத காட்சி முரசு மண்டபத்தின் மரத்தூண்கள்தாம். கழுத்தோடு கழுத்துப் பின்னிய அன்னங்கள், இருதலைப் புள், மல்லர்கள், நடன மாதர், குழந்தைக்குப் பாலூட்டும் தாய் என, இம்மரவேலையில் மொத்தம் 514 செதுக்கல்களைக் கணக்கிட்டிருக்கிறார்கள். தெல்மட மூலாச்சாரி என்ற தச்சரின் கைவண்ணம் என்பது மரபு. அண்ணாந்து பாருங்கள்: கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் ஒரே பெரிய மர ஆணியில் வந்து பொருந்தியிருக்கும். பொறியியல் பயிலும் மாணவர்கள் அவ்விடத்தில் சற்று நேரம் நிற்பது வீண்போகாது.

ஜப்பானில் ஷிந்தோ நெறியினரின் தலைமைக் கோவிலான இசே, மரத்தாலேயே ஆனது. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே அச்சில் புதிதாக எழுப்பிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுவார்கள். 2013இல் நடந்தது 62ஆவது முறை. எம்பக்கேயில் அந்த வழக்கம் இல்லை. இங்கே ஓர் அன்னத்தின் கழுத்துத் தேய்ந்தால் தேய்ந்ததுதான். சிறுவர் கைகளைப் பெற்றோர் பிடித்துக்கொள்வார்களாக!

நேரமிருப்பின் அண்மையிலுள்ள இலங்காதிலக விகாரையையும் கடலாதெனிய விகாரையையும் காணலாம். இரண்டும் 1344இல் எழுந்தவை. முன்னதை அமைத்தவர் ஸ்தபதி ராயர். பின்னதை அமைத்தவர் கணேசுவராச்சாரி. இருவரும் தென்னிந்தியச் சிற்பிகள். இலங்காதிலகக் குன்றின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறித்திருக்கிறார்கள். புத்தர் எழுந்தருளியுள்ள அவ்விகாரையின் வெளிச்சுற்றில் விபீஷணனும் கணபதியும் கந்தனும் இடம்பெற்றுள்ளனர்.

மாலையில் பேராதனைக்குத் திரும்பினால், மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, 147 ஏக்கர் பரப்பில் பூங்கா விரிந்து கிடக்கும். இதன் பழமையும் அதே விக்கிரமபாகுவிடம்தான் போய்ச் சேருகிறது. 1371இல் அவனது அரசவை இங்கு இருந்ததாகக் கூறுவர். பின்னர் நாயக்கர் குலத்துக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் இதை அரச தோட்டமாக்கினான். ஆங்கிலேயர் ஆட்சியில், 1821இல், அலெக்சாந்தர் மூன் என்பவர் தாவரவியல் தோட்டமாக அமைத்தார்.

பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901இல் நட்ட மரமொன்று இங்கு நிற்கிறது. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த இனம். ஆங்கிலேயர் அதன் காயைக் கண்டு பீரங்கிக் குண்டு என்று பெயரிட்டனர். நாமோ பூவுக்குள் லிங்கத்தையும் படமெடுத்த நாகத்தையும் கண்டு நாகலிங்கம் என்றோம். சிங்கள மக்கள் சால் மலர் என்று சொல்லிப் புத்தர் பாதத்தில் வைக்கிறார்கள். மரம் ஒன்றே!

ஆயினும் மலைநாட்டுத் தமிழர் இப்பூங்காவில் முதன்மையாக நினைக்க வேண்டியது வேறொரு செடியை. 1824இல் சீனத்துத் தேயிலைச் செடி இங்கே காட்சிப் பொருளாக வந்து சேர்ந்தது. 1839இல் அசாம் விதைகளும் வந்தன. அப்போது யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை, மலையெங்கும் கோப்பிதான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1869இல், கோப்பியில் இலைநோய் தலைகாட்டியது. தோட்டங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. கோப்பிக்கென்று மன்னாரில் கரையிறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே கால்நடையாக வந்த நம் முன்னோரின் பிள்ளைகள் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டது அதன் பின்னரே.