தப்பி ஓடியவனின் கதை

வேம்பார் கடற்கரையில் இலங்கைக்குக் கடத்தவிருந்த பீடி இலை பிடிபட்டால் நாளிதழ்ச் செய்தி ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வரும். கியூ பிரிவு போலீசார் ரோந்து, 30 கிலோ மூட்டைகள் இத்தனை, லோடு வேன் ஒன்று, மதிப்பு இத்தனை லட்சம், உடனிருந்தவர்கள் இருளில் தப்பி ஓட்டம். மூட்டைக்குக் கணக்கு இருக்கிறது, ஓடியவனுக்கு இல்லை. வலையில் மீன் படாத மாதத்தில் கூலிக்கு வந்தவனா, வட்டிக் கடனில் மாட்டியவனா, இதையே தொழிலாகக் கொண்டவனா? நான்கு வரிச் செய்தியில் அதற்கு இடமில்லை. நுவார் எனப்படும் இருண்ட குற்றக் கதை கையில் எடுப்பது இந்தக் கேள்வியைத்தான். அதன் நாயகன் நல்லவனில்லை என்று தெரிந்தும் விடாமல் வாசிக்கிறோம் என்றால், அவன் முன்னால் எத்தனை வழிகள் இருந்தன, ஏன் இதில் இறங்கினான் என்று அறியும் ஆவல்தான் காரணம்.

துப்பறியும் கதைக்குத் தமிழில் பஞ்சமே இருந்ததில்லை. சுஜாதாவின் கணேஷ் - வசந்த் ஆகட்டும், ராஜேஷ்குமாரின் விவேக் ஆகட்டும், கதை சட்டத்தின் பக்கம் நின்றே நடக்கும். முடிச்சு அவிழ்ந்ததும் ஊர் பழையபடி ஒழுங்காகிவிடும். (அந்த நிம்மதிக்காகவே பேருந்து நிலையக் கடைகளில் அவை அப்படி விற்றன.) ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' 1974-இல் அந்த நிம்மதியைத் தர மறுத்தது. தரகுத் தொழில் செய்யும் கந்தனின் ஒரே ஒரு நாள்தான் கதை. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் மனைவி மீனாவின் கதி என்ன என்று அவன் கவலைப்படுகிறான். அவளை இன்னொருவனிடம் சேர்த்துவிடலாமா என்றும் பார்க்கிறான். கரிசனமும் கயமையும் ஒரே செயலில் பின்னிக் கிடக்கின்றன. எது எது என்று பிரித்துக் கொடுக்க நாகராஜன் முன்வருவதில்லை.

இதெல்லாம் ரவுடிக்கு மாலை போடும் வேலை என்பார்கள். மாலை போடும் சினிமா நம்மிடம் நிறையவே உண்டு. ஆனால் 'ஆரண்ய காண்டம்' (2011) அந்த ரகமில்லை. தாதாக்கள் ஒருவரையொருவர் தீர்த்துக்கொண்டிருக்க, யாரும் பொருட்படுத்தாத சுப்பு பணத்தோடு கிளம்பிவிடுகிறாள், நம்பி வந்த சப்பையைக் கொன்றுவிட்டு. அவளைக் கொண்டாடவும் முடியவில்லை, குறை சொல்லவும் வாய் வரவில்லை. பட்ரீசியா ஹைஸ்மித் 1955-இல் படைத்த ரிப்ளியும் சட்டத்திடம் சிக்குவதில்லை. ஆனால் சிக்கிவிடுவோமோ என்ற பயம் அவனை விடுவதுமில்லை.

அடுத்த ஆட்சேபம் கனமானது. கருப்பட்டிக்குப் பேர்போன, பரதவர்களின் பழைய ஏழு துறைகளில் ஒன்றான வேம்பாரைக் கடத்தல்காரர் ஊராக்கி நகரத்து வாசகருக்கு விற்பது நியாயமா? கதை கரையிலேயே நின்றுவிட்டால் அநியாயம்தான். நல்ல நுவார் அங்கே நிற்காது. வேனுக்குப் பணம் போட்டவர் வரை போகும், இலங்கையின் இறக்குமதி வரி வரை போகும். கடல் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவில் மூழ்கி அட்டை எடுப்பது 2001 வரை கூசாமல் சொல்லிக்கொள்ளக்கூடிய பிழைப்பு. அந்த ஆண்டு அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் ஏறியது. அதே ஆள், அதே கடல், அதே மூச்சடக்கல். இப்போது அவன் குற்றவாளி. அட்டை அழிந்துவருகிறது என்று அரசு சொன்னது பொய்யில்லை, அவன் அடுப்பு அணைந்ததும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுத விவேக்குக்கு அவகாசம் கிடையாது. அவர் குற்றவாளியைப் பிடித்தாக வேண்டும்.