ஆத்துப்பாலத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் ரோம்!

அம்பாசமுத்திரத்தில் செங்கோட்டை பாசஞ்சரைப் பிடித்து, நெல்லை ஜங்ஷனில் இறங்கி, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு டவுன் பஸ் ஏறினால் ஆத்துப்பாலம் வரும். ஜன்னல் பக்கம் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பது தாமிரபரணி ஆற்றைத்தான். பாபநாசம் அணையில் எவ்வளவு தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று பேச்சு ஓடும். அதற்குள் பாலம் முடிந்துவிடும். மேலே இருந்து பார்த்தால் அது வெறும் ரோடு. ரகசியம் எல்லாம் கீழே! வாங்க, கரையில் இறங்குவோம். பாறை வழுக்கும், பார்த்து!

அண்ணாந்து பாருங்க. ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினொரு வளைவுகள். ஒவ்வொன்றும் 60 அடி அகலம். மொத்த நீளம் 760 அடி. 1843இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலம் இது. ஆனால் இந்த வளைவு வித்தைக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல். ரோமில் டைபர் ஆற்றின் மேல் கி.மு. 62இல் கட்டிய ஃபேப்ரீசியஸ் பாலத்தில் இன்றைக்கும் ஜனங்கள் நடந்து போகிறார்கள். ஸ்பெயினில் ரோமானியப் பேரரசர் டிராஜன் காலத்து அல்காந்தரா பாலமும் ஆறு வளைவுகளோடு நிற்கிறது. வளைவை ரோமானியர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அதை வைத்து ஆற்றைத் தாண்டலாம், மலையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரலாம், அரங்கமே எழுப்பலாம் என்று துணிந்தவர்கள் அவர்கள்தான்.

அப்படி என்ன வித்தை? அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் திருவாலீஸ்வரம் போயிருக்கிறீர்களா? சோழர் காலத்துக் கோயில். விமானச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு அவ்வளவு லேசில் நகர முடியாது. அங்கேயும் வளைந்த கூடுகள் உண்டு. அழகுக்குச் செதுக்கியவை அவை, பாரம் சுமப்பதில்லை. பாரம் முழுக்கத் தூணும் உத்திரமும்தான் தாங்கும். நீளமான கல் உத்திரத்தின் மேல் எடை ஏறினால் அடிப்பக்கம் இழுபட்டு விரிசல் விடும். அதனால்தான் நம் மண்டபங்களில் தூண்கள் அத்தனை நெருக்கமாக நிற்கின்றன. 60 அடிக்கு ஒற்றைக் கல்லைப் போட எந்த ஸ்தபதியும் நினைக்கமாட்டார்.

வளைவில் கல்லை யாரும் இழுப்பதே இல்லை! ஆப்பு வடிவத்தில் வெட்டிய கற்கள் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டு நிற்கின்றன. நெல்லையப்பர் தேரோட்டத்தில் நாலு பக்கமும் கூட்டம் நெருக்கினால் நடுவில் சிக்கியவர் விழ நினைத்தாலும் விழ முடியாது இல்லையா, அதே கதைதான். அமுக்கத்தைத் தாங்கக் கல்லுக்குச் சொல்லித் தர வேண்டுமா? மேலே எடை ஏற ஏறப் பிடி இறுகும்.

இதில் என்னை மெய்சிலிர்க்க வைக்கும் இடம் ஒன்று உண்டு. உச்சியில் கடைசிக் கல்லைச் செருகும் வரை வளைவு தன் காலில் நிற்காது. அதுவரை மரத்தில் வளைந்த சாரம் தாங்கும். இன்றைக்கும் நம் கொத்தனார்கள் சென்ட்ரிங் என்று சொல்கிறார்களே, அதுதான்! பிரான்சில் ரோமானியர் கட்டிய பான் து கார் நீர்ப்பாலத்தில், சாரத்தை ஏற்றி வைக்கத் துருத்தி விட்ட கற்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. வேலை முடிந்தும் செதுக்காமல் விட்டுவிட்டார்கள். கடைசிக் கல் ஏறிய பிறகு சாரத்தை இறக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். கீழே நிற்கிறவர்கள் மூச்சே விட்டிருக்க மாட்டார்கள்!

ஓடுகிற ஆற்றுக்குள் கடைக்கால் போட்டது எப்படி? விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக்கலைஞர் எழுதியே வைத்திருக்கிறார். மரப்பலகையால் இரட்டைச் சுவர் அடித்து, இடையில் களிமண்ணைத் திணித்து, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்துவிட்டுத் தரையைத் தோண்டுவது. சாந்தில் ஓட்டுத்தூளைச் சேர்த்தால் உறுதி கூடும் என்றும் சொல்கிறார். சுண்ணாம்பில் செங்கல் தூளைக் கலக்கும் நம் ஊர்க் கொத்தனார் இதைக் கேட்டால் தலையாட்டுவார். ரோமானியக் காரையில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரியும். சரியாகக் கலக்காமல் விட்டது என்றே நினைத்திருந்தார்கள். 2023இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் வேறு கதை சொன்னார்கள்: நீற்றாத சுண்ணாம்பைச் சூடு பறக்கக் கலந்ததால் வந்த கட்டிகள் அவை, விரிசலில் தண்ணீர் இறங்கினால் கட்டி கரைந்து, மறுபடி இறுகி, விரிசலை அடைக்கிறது. சுவர் தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்கிறது!

இப்போது வளைவுகளுக்கு நடுவே பாருங்க, இரட்டை இரட்டையாகத் தூண்கள். கம்பீரமாக இருக்கின்றன. ஆனால் சுமை எல்லாம் வளைவிலும் அதன் காலிலும்தான். தூண்கள் ஒப்பனை! இதுவும் ரோமானிய வழக்கமே. கொலோசியத்தின் வெளிச்சுவரில் ஒரு தளத்துக்கு 80 வளைவுகள், அவற்றுக்கிடையே கிரேக்கப் பாணியில் ஒட்டுத்தூண்கள், தளத்துக்குத் தளம் வேறு வேறு அலங்காரம். வேலை செய்வது ஒன்று, அழகுக்கு நிற்பது ஒன்று. ரோம் உலகத்துக்குக் கொடுத்த பெரிய கலை யோசனை இதுதான் என்பேன்.

அந்த யோசனை லண்டன் வழியாகத் தாமிரபரணிக்கு வந்தது. ஜான் ரென்னி கட்டி 1817இல் திறந்த வாட்டர்லூ பாலத்தின் சாயல் இது. அங்கே ஒன்பது வளைவு, நமக்குப் பதினொன்று. அந்த லண்டன் பாலத்தை 1930களில் இடித்துவிட்டார்கள். நம்முடையது இன்னும் பஸ்ஸைச் சுமக்கிறது! இதே ஆற்றின் கடைக்கோடியில் இருந்த கொற்கையின் முத்து ஒரு காலத்தில் ரோமானியச் சீமாட்டிகளின் காதில் ஆடியது. முத்து போன திசையிலிருந்து வளைவு வந்து சேர்ந்திருக்கிறது.

பணம்? கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் ஏறக்குறைய அரை லட்சம் ரூபாயைச் சொந்தக் கையிலிருந்து கொடுத்தார், 1840களில்! படகுக்குக் காத்துக் கிடந்த ஜனங்களுக்காக ஒரு தனி மனிதர் செய்தது. டைபர் பாலத்தின் வளைவுகளில் லூசியஸ் ஃபேப்ரீசியஸ் தன் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தான். இங்கே ஊரே பாலத்துக்கு அவர் பெயரை வைத்துவிட்டது.

1869 வெள்ளம் பாலத்தில் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது, 1871இல் சரிசெய்தார்கள். பிற்காலத்தில் அகலப்படுத்தினார்கள், பக்கத்தில் புதுப் பாலமும் வந்துவிட்டது. 2023 டிசம்பரில் பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் நிரம்பி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாய்ந்த பெருவெள்ளமும் இந்த வளைவுகளுக்கு அடியில் நுழைந்துதான் கொற்கைப் பக்கம் போனது. பாலம் நின்றது. சித்திரை, வைகாசியில் தண்ணீர் குறைந்திருக்கும்போது கொக்கிரகுளம் பக்கமாக வாங்க. காலையில் வந்தால் வெயில் ஏறுவதற்குள் பதினொன்றையும் நிதானமாகப் பார்த்துவிடலாம்.