டீசல் தொட்டியை வழிய வழிய நிரப்பலாமா?

பெட்ரோல் பங்கில் டீசல் ஊற்றும் குழாய் ‘டக்’கென்று தானாக நின்ற பின்னும், “இன்னும் கொஞ்சம் ஊற்றப்பா” என்று கேட்பவர்களைக் கண்டிருக்கிறோம். அப்படி நிரப்பினால் கோடையில் கார் வெடித்துவிடும் என்று அஞ்சுவோரும் உண்டு.

அந்த அச்சம் வீண். டீசல் தானாகத் தீப்பற்ற 200 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேற வேண்டும். எந்த அக்கினி நட்சத்திரமும் அந்த அளவை எட்டாது.

குழாய் எப்படித் தானாக நிற்கிறது? அதன் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. டீசல் பாயும்போது அதன் வழியே காற்று உறிஞ்சப்படுகிறது. டீசல் மட்டம் உயர்ந்து துளையை மூடியதும் காற்று தடைப்பட, உள்ளிருக்கும் விசை குழாயை அடைத்துவிடுகிறது. டீசல் நுரைக்கும் இயல்புடையது. சில வேளை நுரையே துளையை மூடிவிடும். ‘இன்னும் கொஞ்சம்’ பிடிப்பது இதனால்தான்.

ஆனால் டீசல் வெப்பத்தால் விரியும். பூமிக்கடியில் குளிர்ந்திருந்த 50 லிட்டர் டீசல், வெயிலில் 15 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அரை லிட்டருக்கு மேல் பெருகும். அதற்கென்றே தொட்டியின் மேற்பகுதியில் காலியிடம் விட்டிருக்கிறார்கள். அதையும் நிரப்பி, காரை வெயிலில் நிறுத்தினால் டீசல் வெளியே கசியும். நிரப்பியவுடன் நெடுந்தூரம் செல்வோருக்கு இத்தொல்லை குறைவு.

காருக்கு இதனால் பெருங்கேடு இல்லை. தெருவில் வருகிறவர்களுக்குத்தான் ஆபத்து. சிந்திய டீசல் பெட்ரோலைப் போல் விரைவில் ஆவியாகாது. எண்ணெய்ப் படலமாகத் தங்கும். வளைவில் திரும்பும் கார் சிந்திவிட்டுப் போனதில், பின்னால் வரும் சைக்கிளும் ஸ்கூட்டரும் சறுக்கி விழுகின்றன. அதன்மேல் தூறலும் விழுந்தால் வழுக்கல் இன்னும் மிகுதி.