பழைய படமும் பின்பக்கத்துப் பெயரும்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டப் பள்ளி மாணவி ஒருத்தி, தன் பாட்டியின் பெட்டியிலிருந்து ஒரு பழைய வகுப்புப் படத்தைக் கொண்டுவந்தாள். படத்தில் நாற்பது பிள்ளைகள், நடுவில் ஆசிரியர். பின்புறத்தில் ஒரு பெயர்கூட இல்லை. பாட்டியிடம் போய்க் கேட்டோம். மூன்று பேரைக் காட்டினார். மற்றவர்களை யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். பள்ளி விடுமுறை முடிந்து நாங்கள் மறுபடி போனபோது பாட்டி இல்லை. முப்பத்தேழு பிள்ளைகளும் பெயரில்லாமலே நின்றுவிட்டார்கள்.

ஆகவே பழைய படத்தை எப்படிப் படிப்பது, எப்படிக் காப்பது என்று இன்று பார்ப்போம்.

முதலில் ரவாங் பட்டணத்தின் கடைத்தெருவை எடுத்துக்கொள்வோம். ரவாங் ஈயத்தால் வளர்ந்த ஊர். 1892-இல் கோலாலம்பூரிலிருந்து அங்கே இரயில் பாதை வந்தது. 1894-இல் லோக் இயூ அவர்களும் தம்புசாமிப் பிள்ளை அவர்களும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்சாரத்தைக் கொண்டு நீர் இறைத்தார்கள்.

இத்தகைய ஊரின் தெருப் படம் ஒன்று கிடைத்தால் அதன் காலத்தை எப்படி அறிவது? கடையின் நெற்றியைப் பாருங்கள். பல பழைய கடைகளில் கட்டிய ஆண்டைப் பொறித்திருப்பார்கள். படம் அந்த ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. தெருவில் மாட்டு வண்டியா, மோட்டார் வண்டியா? விளக்குக் கம்பம் உண்டா? பெயர்ப்பலகையில் எந்தெந்த எழுத்துகள் உள்ளன? இப்படி ஒவ்வொன்றும் ஒரு சாட்சி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கடைக்காரரின் பெயர் பலகையில் இருக்கிறது. சம்பள நாளன்று சாமான் வாங்க வந்த நம் தோட்டத்து மக்களோ, அஞ்சடி ஓரமாக முதுகைக் காட்டி நடந்துபோகிறார்கள். அக்காலத்தில் லயத்து வீடுகளில் புகைப்படக் கருவி ஏது? 1948-இல் அவசரகாலத்தின்போது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள். நம்மவர் பலருக்கு அதற்காக எடுத்ததே முதல் படம்.

ஆதலால் நம் பிள்ளைகளின் முகத்தைக் காணப் பள்ளிப் படத்தையே நாடவேண்டும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அப்படி எழுந்த சிறு பள்ளிகளில் எடுத்த படங்களில் முன்வரிசைப் பிள்ளையின் மடியில் இருக்கும் சிலேட்டைப் பாருங்கள். ஆண்டும் வகுப்பும் இருக்கலாம்.

இனி, காக்கும் முறை. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவமாகத் தெரிவது நுண்ணிய வெள்ளித் துகள். அதைத் தாளில் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின் என்னும் பசை. ஈரம் பட்டால் அது ஊறும், பூஞ்சணம் பிடிக்கும், கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். எனவே ஈரத்துணியால் துடைக்காதீர்கள். வெயில் விழும் சுவரிலும் அடுப்படியிலும் மாட்டாதீர்கள். பசை தடவி ஒட்டாதீர்கள். உலர்ந்த காகித உறையில் இட்டு, வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். கைத்தொலைபேசியில் ஒரு பிரதியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்புறம் எழுத மைப்பேனா வேண்டாம். மை ஊறி முகத்தைக் கெடுக்கும். மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். இடமிருந்து வலமாகப் பெயர்கள், தோட்டம், ஆண்டு. பெயர் தெரியாத இடத்தில் ஒரு கோடு போடுங்கள். வேறொருவர் வந்து நிரப்பக்கூடும்.

ரவாங்கைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்களை இடித்தார்கள், தோட்டத்து மக்கள் திசைக்கொருவராகப் போனார்கள். அங்கே ஒரு பள்ளி இருந்தது, இந்தப் பிள்ளைகள் படித்தார்கள் என்பதற்கு உங்கள் பெட்டியில் உள்ள படமே சாட்சியாக இருக்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியைத் திறந்து, வீட்டிலுள்ள பெரியவர் பக்கத்தில் பென்சிலோடு உட்காருங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் இருந்ததுபோல் நீங்கள் இருந்துவிடாதீர்கள்.