செயலி செய்யப்போகிறீர்களா? 'இது வேண்டாம்' என்று சொல்ல ஆள் இருக்கிறாரா?

"ஒரு செயலி செஞ்சு கொடுக்க எவ்வளவு ஆகும்?"

செயலி உருவாக்கும் நிறுவனங்களுக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

அழைப்பவர் பேக்கரி வைத்திருக்கலாம். துணைப்பாட நிலையம் நடத்தலாம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டே சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் உங்கள் நண்பராகவும் இருக்கலாம்.

அவர் விலை கேட்கிறார். நிறுவனம் விலை சொல்கிறது. வேலை தொடங்குகிறது. சில மாதங்களில் செயலியும் வந்துவிடுகிறது. ஆனால் அதைப் பதிவிறக்கம் செய்யத்தான் ஆளில்லை.

நிரல் எழுதியவர்மீது தப்பில்லை. கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டார். கேட்டது சரிதானா என்று பார்க்க யாரும் இல்லாமல் போனதுதான் பிரச்சினை.

அந்த வேலையைச் சில நிறுவனங்கள் இப்போது தனிச் சேவையாகவே வழங்குகின்றன. நிரலாளர், வடிவமைப்பாளர் ஆகியோரோடு சேர்த்து ஒரு 'புராடக்ட் மேனேஜரையும்' வாடிக்கையாளருக்கு அமர்த்தித் தருகின்றன.

அவர் என்னதான் செய்வார்? அதற்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டுமா? பார்ப்போம்.

புராடக்ட் மேனேஜர் யார்?

பலர் அவரைத் திட்ட மேலாளரோடு குழப்பிக்கொள்வதுண்டு. இருவரும் கேட்கும் கேள்விகளைப் பார்த்தாலே வித்தியாசம் புரிந்துவிடும்.

திட்ட மேலாளர் கேட்பது: "வேலை எப்போ முடியும்? செலவு கைமீறிப் போகுதா?"

புராடக்ட் மேனேஜர் கேட்பது: "இதைச் செய்யத்தான் வேணுமா? யாருக்காக? எதை முதல்ல செய்யணும்?"

இந்த வேலையின் வேர் கணினி உலகில் இல்லை, சோப்பு வியாபாரத்தில் இருக்கிறது. 1931ஆம் ஆண்டு அமெரிக்காவின் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் நீல் மெக்கல்ராய் என்ற இளம் ஊழியர் ஒரு குறிப்பு எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் முழுப் பொறுப்பேற்க ஒருவர் வேண்டும் என்பது அவருடைய வாதம். அந்தப் பொருள் எங்கே விற்கிறது, எங்கே விற்கவில்லை, ஏன் என்று அவர் நேரில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சிந்தனை பிறகு மென்பொருள் துறைக்கும் வந்தது. இன்று பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவற்றில் இது முழுநேர வேலை. சிறு வியாபாரிக்கு முழுநேர ஆளை வைத்துக்கொள்ள வசதி இருக்காது. வாரத்துக்கு 2 நாள் என்ற கணக்கில் அதே வேலையைச் சேவையாகப் பெறும் வழி அங்கேதான் பிறக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

இது புரிவதற்காகச் சொல்லும் கற்பனைக் கணக்கு மட்டுமே. சந்தை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் ஒரு துணைப்பாட நிலையம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செயலியில் 10 அம்சங்கள் கேட்கிறீர்கள்: கால அட்டவணை, கட்டணம் செலுத்துதல், ஆசிரியருடன் உரையாடல், காணொளிப் பாடம், மதிப்பெண் பட்டியல் என்று பட்டியல் நீள்கிறது.

ஓர் அம்சத்துக்கு 8 வேலை நாள். ஒரு நாளுக்கு 500 வெள்ளி. மொத்தம் 80 நாள், 40,000 வெள்ளி.

இப்போது ஒரு புராடக்ட் மேனேஜர் உள்ளே வருகிறார். வந்ததும் திரை வடிவமைப்பைத் தொடமாட்டார். முதலில் பெற்றோர் சிலரிடம் பேசுவார். "செயலி வேணுமா?" என்று கேட்கமாட்டார். அப்படிக் கேட்டால் எல்லாரும் "ஆமா" என்றுதான் சொல்வார்கள். "போன வாரம் வகுப்பு விஷயமா எதுக்காவது அலைஞ்சீங்களா?" என்று கேட்பார்.

பெற்றோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "வகுப்பு ரத்தானா கடைசி நேரத்துலதான் தெரியுது. மாற்று வகுப்பு எப்போன்னு யார்கிட்ட கேக்குறதுன்னே தெரியல."

காணொளிப் பாடத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

ஆக, 10 அம்சங்களில் 4 மட்டும் முதலில் போதும் என்று முடிவாகிறது. அதற்கு 32 நாள், 16,000 வெள்ளி. புராடக்ட் மேனேஜருக்கு 10 வாரம், வாரத்துக்கு 2 நாள், நாளுக்கு 600 வெள்ளி என்றால் 12,000 வெள்ளி. மொத்தம் 28,000 வெள்ளி.

கூடுதலாக ஓர் ஆளுக்குப் பணம் கொடுத்தும் உங்களுக்கு 12,000 வெள்ளி மிச்சம். அதைவிட முக்கியம், வரப்போகும் செயலிக்கு ஒரு பயன் இருக்கிறது.

நிறுவனத்துக்கு இதில் என்ன லாபம்?

நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான்.

மேலே உள்ள கணக்கில் உங்களுக்கு மிச்சமான 12,000 வெள்ளி, செயலி நிறுவனத்துக்குக் கிடைக்காமல் போன வருமானம். நிரல் எழுதும் நாள்கள் கூடினால்தான் அதற்கு வருமானம் கூடும். அதே நிறுவனத்தின் ஊழியர் உங்களிடம் வந்து "இந்த 6 அம்சமும் வேண்டாம்" என்று ஏன் சொல்லப்போகிறார்?

நல்ல நிறுவனங்கள் சொல்லச் சில காரணங்கள் உண்டு.

முதலாவது, தகராறு குறையும். மொத்த விலை பேசி முடித்த வேலைகளில், "இது ஒப்பந்தத்துல இருக்கு", "இல்ல, இது கூடுதல் வேலை" என்ற இழுபறி அடிக்கடி வரும். எது தேவை என்று முதலிலேயே தெளிவானால் அந்தச் சண்டைக்கு இடமில்லை.

இரண்டாவது, வாடிக்கையாளர் திரும்ப வருவார். யாரும் பயன்படுத்தாத செயலிக்கு இரண்டாம் பதிப்பு எதற்கு? பயன்படும் செயலி வளரும், வேலையும் தொடரும்.

மூன்றாவது, யோசனைக்கும் விலை உண்டு. முன்பெல்லாம் விற்பனைப் பிரிவில் இருப்பவரோ மூத்த நிரலாளரோ இந்த ஆலோசனையை இலவசமாகச் சொல்லிவந்தார்கள். தனிக் கட்டணம் வைத்தால் அதற்கு நேரமும் பொறுப்பும் ஒதுக்க முடியும்.

இருந்தாலும் முரண்பாடு முழுவதும் நீங்கிவிடாது. திட்ட மேலாளருக்கே பெயரை மாற்றி, புதுக் கட்டணம் போடுவோரும் இருக்கலாம். அதனால் ஆளை எடைபோடத் தெரிந்திருக்க வேண்டும்.

சேவையில் என்னென்ன அடங்கும்?

பொதுவாக மூன்று கட்டம்.

முதல் கட்டம், தேடல். 2 அல்லது 3 வாரம் நீடிக்கும். பயனீட்டாளர்களிடம் பேசுவது, போட்டியாளர்களைப் பார்ப்பது, காகிதத்திலோ திரையிலோ மாதிரி செய்து காட்டுவது எல்லாம் இதில் அடக்கம்.

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் எழுத்தாளர் மார்ட்டி கேகன், நான்கு ஆபத்துகளை முன்கூட்டியே சோதிக்கச் சொல்கிறார். மக்கள் இதை விரும்புவார்களா? அவர்களுக்குப் பயன்படுத்தத் தெரியுமா? நம்மால் செய்ய முடியுமா? தொழிலுக்கு இது ஒத்துவருமா?

நான்காவது கேள்வியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளின் பெயர், பள்ளி, பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவற்றை உங்கள் செயலி சேகரித்தால், சிங்கப்பூரின் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நீங்கள்தான் பொறுப்பு. வேறொரு நிறுவனம் உங்கள் சார்பில் அந்தத் தரவைக் கையாண்டாலும் உங்கள் பொறுப்பு உங்களை விட்டுப் போகாது. தேவையில்லாத தரவைக் கேட்காமலே இருப்பது நல்லது என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

இரண்டாம் கட்டம், உருவாக்கம். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்ற வரிசையைப் புராடக்ட் மேனேஜர் பார்த்துக்கொள்வார். நிரலாளருக்குச் சந்தேகம் வந்தால் உங்களை 10 தடவை அழைக்காமல் அவரே பதில் சொல்வார்.

மூன்றாம் கட்டம், வெளியீட்டுக்குப் பிறகு. எத்தனை பேர் இரண்டாம் தடவை செயலியைத் திறந்தார்கள்? எந்தப் பக்கத்தில் வெளியேறுகிறார்கள்? அடுத்து எதை மாற்றலாம்? பல நிறுவனங்கள் இதற்கு மாதக் கட்டணம் வாங்கும். பராமரிப்புச் செலவு இருப்பதையும் மறந்துவிடாதீர்கள். ஆப்பிள் கடையில் செயலியை வைத்திருக்கவே ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். கூகல் பிளேயில் ஒரே தடவை 25 டாலர்.

சிறியதாகத் தொடங்குவது தப்பா?

"4 அம்சம் மட்டும்னா சின்னதா தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம்.

நம் வட்டாரத்திலேயே பதில் இருக்கிறது. கிராப் 2012ஆம் ஆண்டு கோலாலம்பூரில் 'மைடெக்சி' என்ற பெயரில் தொடங்கியபோது டாக்சி அழைக்க மட்டுமே உதவியது. உணவு விநியோகமும் மின்னிலக்கக் கட்டணச் சேவையும் பின்னால்தான் வந்தன.

செயலி, மென்பொருள் எதுவும் பெரிதாக இல்லாமலே சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 1999ஆம் ஆண்டு நிக் ஸ்வின்மர்ன் என்ற அமெரிக்கர், கடைகளில் இருந்த காலணிகளைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். யாராவது வாங்கினால் கடைக்குப் போய் வாங்கி அனுப்பிவைத்தார். மக்கள் இணையத்தில் காலணி வாங்குவார்களா என்பதற்கு அவருக்கு விடை கிடைத்தது. அந்த முயற்சிதான் பிறகு ஸாப்போஸ் ஆனது.

சில சமயம் நல்ல புராடக்ட் மேனேஜர், "உங்களுக்குச் செயலியே வேண்டாம்" என்றும் சொல்லக்கூடும். வாட்ஸ்அப் அறிவிப்புக் குழுவும் ஒரு முன்பதிவுப் பக்கமும் போதும் என்பார். ஏற்கெனவே சந்தையில் இருக்கும் மென்பொருளை வாங்கச் சொல்வார். அத்தகைய மென்பொருள் சிலவற்றுக்கு அரசாங்கத்தின் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியமும் உண்டு. சொந்தமாகச் செய்வதற்கு முன் அந்தப் பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

கையெழுத்திடுவதற்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. கடைசியாக எந்த வாடிக்கையாளரிடம் 'வேண்டாம்' என்று சொன்னீர்கள்? ஏன்? பெயர் சொல்லத் தேவையில்லை, கதையைச் சொன்னால் போதும். பதில் வரவில்லை என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

2. தேடல் கட்டத்துக்குத் தனி ஒப்பந்தம் போட முடியுமா? அது முடிந்ததும் வேறு நிறுவனத்திடம் போக உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும்.

3. என் வாடிக்கையாளர்களில் எத்தனை பேரிடம் நேரில் பேசுவீர்கள்? 'உங்களிடம் மட்டும் பேசுவோம்' என்றால் அது புராடக்ட் மேனேஜர் வேலை ஆகாது.

4. எந்த எண்ணை வைத்து வெற்றி என்று சொல்வோம்? பதிவிறக்க எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். மாற்று வகுப்பு கேட்டு வரும் அழைப்புகள் பாதியாகக் குறைந்தனவா என்பது நல்ல அளவுகோல்.

5. ஒப்பந்தம் முடிந்தால் என் கையில் என்ன இருக்கும்? நிரல், வடிவமைப்புக் கோப்பு, பயனீட்டாளர் நேர்காணல் குறிப்புகள், எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும் என எல்லாம் உங்களிடம் வர வேண்டும். உரிமை யாருக்கு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எதை வெளியே கொடுக்க முடியாது?

வாரத்துக்கு 2 நாள் வருபவர் உங்கள் தொழிலை உங்களைப் போல அறிந்திருக்கமாட்டார். ஒப்பந்தம் முடிந்தால் அவர் கற்றுக்கொண்டதும் அவரோடு போய்விடும். அதனால் உங்கள் தரப்பில் ஒருவர் அவரோடு உட்கார்ந்து பழகிக்கொள்வது அவசியம். அது நீங்களாகவும் இருக்கலாம், உங்கள் மகளோ தம்பியோ ஆகவும் இருக்கலாம்.

இறுதி முடிவும் உங்களுடையதுதான். அவர் ஆதாரத்தோடு 'வேண்டாம்' என்று சொன்ன பிறகும், "எனக்குப் பிடிச்சிருக்கு, போட்டுடுங்க" என்று நீங்கள் சொன்னால், கொடுத்த கட்டணத்துக்கு அர்த்தமில்லை.

இந்த வேலைக்கு நீங்கள் போகலாமா?

போகலாம். நிரல் எழுதத் தெரிந்தால் உதவும், ஆனால் கட்டாயமில்லை. பிறர் பேசும்போது பொறுமையாகக் கேட்பது, எளிமையாக எழுதுவது, எண்களைப் படிப்பது, பணம் கொடுப்பவரிடமே மரியாதையாக மறுத்துப் பேசுவது ஆகியவைதான் தினமும் தேவைப்படும்.

இரண்டு மொழி பேசுவதும் இங்கே கைகொடுக்கும். பெற்றோரோ கடைக்காரரோ தங்கள் உண்மையான தலைவலியை ஆங்கிலப் படிவத்தில் எழுதித் தரமாட்டார்கள். தமிழில் உட்கார்ந்து பேசினால் சொல்வார்கள்.

பழகிப் பார்க்க வேண்டுமா? உங்களுக்குத் தெரிந்த ஒரு சிறு வியாபாரியிடம் அரை மணி நேரம் பேசுங்கள். என்ன செயலி வேண்டும் என்று கேட்காதீர்கள். போன வாரம் எது அவரை அதிகம் அலையவைத்தது என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.