புறாவுக்குப் பசிக்கும் பாஸ்!

வெள்ளைப் புறான்னு சொன்னதும் உங்க மனசுல என்ன ஓடுது? ஒரு பேனர், மேடையில நாலு பெரியவங்க, ஒரு பெட்டி, 'படபட'ன்னு சத்தம், அப்புறம் கைதட்டல்... சரிதானே? போன வருஷம் வரைக்கும் எனக்கும் அப்படித்தான் ஓடிச்சு. அந்தப் பெட்டியை வாங்கிட்டு வந்ததே நான்தான்கிறதால இப்போ வேற மாதிரி ஓடுது.

எங்க காலேஜ் ஹாஸ்டல்ல ரெண்டு பிளாக். வாலிபால் ஃபைனல்ல ஒரு பந்து லைனுக்கு உள்ளேயா, வெளியேயான்னு ஆரம்பிச்ச தகராறு, மெஸ்ல பிளாஸ்டிக் சேர் பறக்கிற வரைக்கும் போயிடுச்சு. ஒருத்தனுக்கு நெத்தியில நாலு தையல். அடுத்த வாரம் 'சமாதான நாள்' அறிவிச்சாங்க. சிறப்பு விருந்தினர் கையால புறா பறக்க விடணுமாம். "நீ சென்னைப் பையன்தானே, பன்னெண்டு வெள்ளைப் புறா பிடிச்சுட்டு வா"ன்னு என் கையில காசைத் திணிச்சாங்க. ரெண்டு அட்டைப் பெட்டி, மூணு மணி நேர பஸ். விழா சூப்பர். போட்டோ அதைவிட சூப்பர்.

மறுநாள் காலையில தண்ணி டேங்க் அடியில கொத்துக் கொத்தா வெள்ளை இறகு கிடந்துச்சு. வாட்ச்மேன் அண்ணன் கூட்டிக்கிட்டே சொன்னார்: "கூண்டுல பொறந்ததுங்க தம்பி. இதுங்களுக்கு இரை தேடவும் தெரியாது, காக்காய்க்குத் தப்பிக்கவும் தெரியாது."

அன்னிக்குத்தான் கேள்வி வந்துச்சு. இந்தப் பறவைக்கு சமாதான வேலையைக் கொடுத்தது யாரு?

வேலையில் சேர்ந்த கதை

பழைய ஆள் நோவா. பைபிள்ல பெருவெள்ளம் வந்த கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தண்ணி வடிஞ்சிடுச்சான்னு பார்க்க முதல்ல காக்கையை அனுப்புறார், அப்புறம் புறாவை. புறாவுக்குக் கால் வைக்க இடம் கிடைக்கலை, திரும்பி வந்துடுது. ஏழு நாள் கழிச்சு மறுபடி அனுப்பினா, அலகுல ஆலிவ் இலையோட வருது. கவனிச்சுப் பாருங்க... அங்கே அந்தப் புறா சொன்ன சேதி 'நிலம் தெரியுது'ங்கிறதுதான். ரோமாபுரியில பூமிக்கடியில இருந்த கல்லறைகள்ல, ஆலிவ் கிளையோட இருக்கிற புறாவை ஆதி கிறிஸ்தவர்கள் வரைஞ்சு, பக்கத்துல 'அமைதி'ன்னு எழுதினப்போதான் புறாவுக்கு இந்த உத்தியோகம் உறுதியாச்சு.

அதுக்கும் முன்னாடி? மெசபடோமியாவுல இஷ்தார் தேவதையோட பறவை புறா. இஷ்தார் காதலுக்குத் தேவதை. கூடவே போருக்கும் தேவதை! ஜப்பான்ல இன்னும் ஒரு படி மேல. ஹச்சிமான்ங்கிற போர்க் கடவுளோட தூதரே புறாதான். காமகுரா ஊர்ல இருக்கிற ஹச்சிமான் கோயில் பெயர்ப்பலகையில 'எட்டு'ங்கிற எழுத்தையே ரெண்டு புறா மாதிரி எழுதி வெச்சிருக்காங்க.

உலகம் முழுக்க புறாவை போஸ்டர்ல ஏத்தின பெருமை ஓவியர் பிக்காசோவுக்கு. 1949 ஏப்ரல்ல பாரீஸ்ல நடந்த உலக அமைதி மாநாட்டுக்கு அவரோட புறா படம்தான் போஸ்டர். மாடலா இருந்தது இன்னொரு பெரிய ஓவியரான மத்தீஸ் பரிசாக் கொடுத்த புறான்னு சொல்வாங்க. அதே மாசம் பிறந்த மகளுக்கு பிக்காசோ வெச்ச பேர் பலோமா. ஸ்பானிஷ்ல 'புறா'ன்னு அர்த்தம்.

இங்கே ஒரு குட்டி விஷயம். ஆங்கிலத்துல வெள்ளையா, அழகா இருந்தா 'டவ்', கரண்ட் கம்பியில உட்கார்ந்திருந்தா 'பிஜியன்'. ரெண்டும் கொலம்பிடேங்கிற ஒரே குடும்பம்தான். மேடையில பறக்க விடுற வெள்ளை அழகிகளும் பெரும்பாலும் நம்ம மாடப்புறா வம்சம். தமிழ்ல அந்த வம்பே இல்லை. எல்லாமே புறாதான்!

யூனிஃபார்ம் போடாத சோல்ஜர்

சமாதானத் தூதர் போருக்கும் போயிருக்கார், தெரியுமா? எங்கே கொண்டு போய் விட்டாலும் கூட்டுக்குத் திரும்பி வந்துடும்கிறதுதான் வீட்டுப் புறாவோட திறமை. அதனால ரெண்டு உலகப் போர்லயும் சேதி கொண்டு போற வேலை அதுக்கு. 1943 அக்டோபர்ல இத்தாலியில ஒரு கிராமத்தை பிரிட்டிஷ் படை பிடிச்சிடுச்சு. அது தெரியாம, அதே கிராமத்து மேல குண்டு போட அமெரிக்க விமானங்கள் தயாரா நின்னுச்சு. கடைசி நேரத்துல சேதியோட போய்ச் சேர்ந்து தாக்குதலை நிறுத்தினது ஜி.ஐ. ஜோன்னு ஒரு புறா. போர்ல உதவின விலங்குகளுக்கு பிரிட்டன்ல கொடுக்கிற டிக்கின் பதக்கத்தை அந்தக் காலகட்டத்துல 32 புறாக்கள் வாங்கியிருக்கு. நாய்களுக்குக் கிடைச்சதைவிட அதிகம்!

காகிதக் கொக்கு

ஜப்பான்ல கொக்குதான் ஆயுசுக்கு அடையாளம். ஆயிரம் வருஷம் வாழும்னு நம்பிக்கை. ஆயிரம் காகிதக் கொக்கு மடிச்சா நினைச்சது நடக்கும்னும் சொல்வாங்க. 1945 ஆகஸ்ட் 6-ம் தேதி ஹிரோஷிமாவுல குண்டு விழுந்தப்போ சடகோ சசாகிக்கு ரெண்டு வயசு. உடம்புல ஒரு கீறல்கூட இல்லை. பத்து வருஷம் கழிச்சு ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரி படுக்கையில, மருந்து சுத்தி வந்த காகிதத்தைக்கூட விடாம கொக்கா மடிச்சா. ஆயிரத்தைத் தாண்டியும் மடிச்சதா அவளோட குடும்பத்தார் சொல்லியிருக்காங்க. 1955 அக்டோபர்ல இறந்துட்டா. வயசு 12.

அதோட முடியலை. அவ கூடப் படிச்ச பசங்க நிதி திரட்டக் கிளம்பினாங்க. நாடு முழுக்க ஸ்கூல் பிள்ளைங்க காசு அனுப்பினாங்க. 1958-ல் ஹிரோஷிமாவுல குழந்தைகள் அமைதிச் சின்னம் எழுந்துச்சு. உச்சியில ஒரு சிறுமி தலைக்கு மேல கொக்கைத் தூக்கிப் பிடிச்சு நிக்கிறா. ஆயுசுக்கான கொக்கு அமைதிக்கான கொக்கா மாறினது இப்படித்தான். 2016-ல் ஹிரோஷிமா போன அமெரிக்க அதிபர் ஒபாமா, தானே மடிச்ச கொக்குகளைக் கொண்டு போனார்.

நிஜக் கொக்கு எங்கே அமைதியா இருக்கு தெரியுமா? வட கொரியாவுக்கும் தென் கொரியாவுக்கும் நடுவுல. 1953-ல் போர் நிறுத்தம் வந்தப்போ, நாலு கிலோமீட்டர் அகலத்துக்கு மனுஷங்க போகக்கூடாத ஒரு பட்டையை ஒதுக்கினாங்க. ரெண்டு பக்கமும் ராணுவம், மண்ணுக்குள்ள கண்ணிவெடி. குளிர்காலம் வந்தா செந்தலைக் கொக்குங்க அந்தப் பக்கத்துக்குத்தான் கூட்டமா வருது. மனுஷன் நுழையாத இடம்தான் அதுங்களுக்கு அமைதி. நமக்கு வெட்கமா இருக்கணும்ல?

பறக்க விட்டதுக்கு அப்புறம்...

1988 சியோல் ஒலிம்பிக் தொடக்க விழா. முன்னாடியே பறக்க விட்ட புறாக்கள்ல சிலது, தீபக் கிண்ணத்தோட விளிம்புல போய் உட்கார்ந்துடுச்சு. தீபம் ஏத்தினாங்க. உலகமே டி.வி-யில பார்த்துட்டு இருந்துச்சு. அதுக்கு மேல நான் சொல்ல வேண்டாம். இப்போ ஒலிம்பிக்ல புறா வெறும் அடையாளம்தான். 2012 லண்டன்ல, ஒளிர்ற புறாச் சிறகைக் கட்டிக்கிட்டு சைக்கிள்ல வந்தாங்க.

2014 ஜனவரியில வாடிகன்ல போப் பிரான்சிஸ், ரெண்டு குழந்தைங்களோட ஜன்னல்ல நின்னு உக்ரைன் அமைதிக்காகப் பிரார்த்தனை பண்ணினார். குழந்தைங்க பறக்க விட்ட ரெண்டு வெள்ளைப் புறாவையும் ஒரு கடற்காகமும் ஒரு காக்காயும் கூட்டத்துக்கு முன்னாலயே துரத்தித் தாக்குச்சு. அடுத்த வருஷம் பலூன் விட்டாங்க.

கூட்டுக்குத் திரும்பப் பழக்கின புறான்னா பறந்து போய் வீட்டுல இறங்கிக்கும். கடையில வாங்கின அலங்காரப் புறா எங்கே போகும்? அதுக்குத் தெரிஞ்ச வீடே அந்தக் கூண்டுதான். வெள்ளை நிறம் வேற, வல்லூறு கண்ணுக்கு லைட் போட்ட மாதிரி.

பன்னெண்டாவது புறா

எங்க பன்னெண்டுல ஒண்ணு மட்டும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு அடியில ஒளிஞ்சிருந்துச்சு. றெக்கையில காயம். ரூமுக்குத் தூக்கிட்டு வந்து அரிசி போட்டேன், தொடலை. ராத்திரி பத்து மணிக்கு கதவைத் தட்டினான் ஒருத்தன். எதிர் பிளாக். மெஸ்ல முதல் சேரைத் தூக்கினதே அவன்தான். "புறா இருக்காமே?"ன்னு கேட்டான். வடசென்னையில அவங்க வீட்டு மொட்டை மாடியில முப்பது புறா வளர்க்கிறாங்களாம். "கம்பும் பச்சைப்பயறும் வைடா, முதல்ல தண்ணி வை. பயந்திருக்கு, லைட்டை அணை"ன்னான். மூணு பேரும் இருட்டுல உட்கார்ந்திருந்தோம். நான், அவன், நெத்தியில தையல் போட்ட என் ரூம்மேட். ரொம்ப நேரம் யாரும் பேசலை. அப்புறம் 'டொக்... டொக்'னு தானியம் கொத்துற சத்தம் கேட்டுச்சு.

சண்டையே மறந்து போச்சுன்னு எழுதினா அது பொய். ரூம்மேட் அவன்கிட்ட பேச இன்னும் ரெண்டு வாரம் ஆச்சு. அதுவும் "கம்பு தீர்ந்திடுச்சு"ங்கிற ஒரே ஒரு வாக்கியம். ஆனா, மேடையில கை குலுக்கி போட்டோ எடுத்தப்போ வராதது அதுல வந்துச்சு. புறா இப்போ வடசென்னை மொட்டை மாடியில இருக்கு.

அப்புறம்தான் பழைய கதைகளைத் திரும்பப் படிச்சேன். கால் வைக்க இடம் இல்லாம புறா திரும்பி வந்தப்போ, நோவா கையை நீட்டி அதைப் பிடிச்சு உள்ளே சேர்த்துக்கிட்டார். நம்ம ஊர் சிபிச் சக்கரவர்த்தி, சோழர்கள் தங்களோட முன்னோர்னு கொண்டாடினவர், பருந்துக்குப் பயந்து வந்த புறாவுக்காகத் தன் சதையையே அறுத்துத் தராசுல வெச்சார். அந்தக் கதைகள்ல புறா அடைக்கலம் தேடி உள்ளே வருது. நாமதான் பெட்டியைத் திறந்து வெளியே துரத்திட்டு கைதட்டுறோம்.

உங்க காலேஜ்லயும் இந்த மாதிரி ஒரு விழா வரலாம். புறா வாங்க உங்களைத்தான் அனுப்புவாங்க. அப்போ தைரியமா "வேண்டாம் சார், ஆளுக்கு ஒரு காகிதக் கொக்கு மடிக்கலாம்"னு சொல்லிப் பாருங்க. சண்டை போட்ட ரெண்டு பேரையும் ஒரே மேஜையில உட்கார வைங்க. முதல் கொக்கு கண்டிப்பா கோழி மாதிரிதான் வரும். சிரிச்சுட்டாங்கன்னா பாதி வேலை முடிஞ்சது பாஸ்!